மேடை விளக்கில் நாடகக் கலைஞர்களைப் படமெடுப்பது எப்படி?

நான் முதலில் எடுத்த நாடகப் படங்களில் பின்னால் தொங்கிய கறுப்புத் திரையின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. முன்னால் நின்ற நடிகரின் முகமோ சுண்ணாம்பு பூசிய சுவர்போல வெளுத்துக் கிடந்தது. அதற்கான காரணமும் தீர்வும்தான் இந்தப் பதிவு. ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், குழுவிடம் அனுமதி பெற்று, உடையும் விளக்கும் முழுமையாக அமைந்த கடைசி ஒத்திகைக்குப் போங்கள். அங்கே யாரையும் மறைக்காமல் இடம் மாறி நிற்கலாம். எந்தக் காட்சியில் எந்தப் பக்கமிருந்து ஒளி விழும் என்று ஒளியமைப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஃபிளாஷ், பீப் ஒலி, ஃபோகஸுக்காகக் கேமரா உமிழும் சிறு விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள்.

மூன்றாவது படிதான் என்னைத் தடுக்கி விழவைத்தது. கேமராவின் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் கருவி, சட்டகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மேடையில் பெரும்பகுதி இருட்டு. அந்த இருட்டை வெளிச்சமாக்கும் முயற்சியில் முகம் வெளுத்துப்போகிறது. ஆகவே மேனுவலுக்கு மாறுங்கள். எஃப் 2.8, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கலாம். ஸ்பாட் மீட்டரிங்கை வைத்து, ஒளி விழும் கன்னத்தை மட்டும் அளந்து பாருங்கள். மாநிறத் தோலுக்கு மீட்டர் சொல்வதே பெரும்பாலும் பொருந்தும். வெளிர் ஒப்பனை என்றால் ஒரு ஸ்டாப் (இருமடங்கு ஒளி) வரை கூட்டுங்கள். நல்ல கருந்தோல் என்றால் சற்றுக் குறையுங்கள். ஒரு படம் எடுத்து நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வியர்வைத் துளிகள் தனித்தனியாகத் தெரிந்தால் அளவு சரி. துளிகள் கரைந்து ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும். திரை கறுப்பாகவே போகட்டும். ஒளியமைப்பாளர் விரும்பியதும் அதைத்தான். காட்சிக்குக் காட்சி ஒளி மாறும்போது நான் ஐஎஸ்ஓவை மட்டும் திருப்புவேன், மற்ற இரண்டையும் தொடமாட்டேன்.

சிவப்பு, நீல விளக்குகளிடம் எச்சரிக்கை தேவை. பொதுவான ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) பத்திரமாகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டாம். மேடைக்கென்று தேர்ந்தெடுத்த நிறத்தை அது கழுவித் தள்ளப் பார்க்கும். ஹாலஜன் விளக்குகளுக்கு 3200 கெல்வின் என்று நிலையாக வைத்துவிடுங்கள்.

லென்ஸைப் பொறுத்தவரை என் ஓட்டு 85 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸுக்கே. எஃப் 5.6 வரை மட்டும் திறக்கும் ஜூமைவிட அது ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். தூரம் போதாவிட்டால் முன்வரிசைக்கு நகருங்கள்.

பிறகு காத்திருங்கள். உச்சி விளக்கின் கீழ் கண்குழிகள் இருண்டுவிடும். நடிகர் முகவாயைச் சற்றே உயர்த்தும் நொடியில் கண்மணியில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். பெரும்பாலும் அது வசனத்துக்கு முன் மூச்சை இழுக்கும் இடைவெளியில் நேர்கிறது. உடலும் அப்போது அசையாது, 1/100 கூடப் போதும். இதற்காகவே ஒத்திகையில் வசனங்களைக் கவனித்துக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். மங்கலாக்கிய எல்இடி விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. பெரும்பாலான கேமராக்களின் ஓசையற்ற எலெக்ட்ரானிக் ஷட்டர் சட்டகத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்த இடைவெளிகள் பட்டைகளாகப் பதிகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அப்போதும் விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 வரை இறக்கிப் பாருங்கள். ஷட்டர் ஓசை எழும் என்பதால் நிகழ்ச்சியின்போது இசையோ கைதட்டலோ எழும் இடங்களில் மட்டும் அழுத்துங்கள். நிசப்தமான காட்சிகளை ஒத்திகையிலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.