அனிக்கு ஒரு பகல்: காரைப் பிடிக்கும் முன் வழிகாட்டியைப் பிடியுங்கள்

துருக்கியின் கிழக்கு மூலையில், ஆர்மீனிய எல்லையை ஒட்டி இடிபாடாகக் கிடக்கும் பழைய ஆர்மீனியத் தலைநகரம் அனி. அதற்குப் பக்கத்தில் இருக்கும் கார்ஸ் நகரில், விடுதி வரவேற்பறையில் "நாளை அனிக்குப் போக வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கும் தேநீர் ஆறுவதற்குள் ஒருவர் கார்ச் சாவியோடு வந்து நிற்பார். கூலியும் நியாயமாகவே இருக்கும். மறுநாள் உங்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் என்று விரலைக் காட்டிவிட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து, நாலு இடிந்த தேவாலயம், நிறையப் புல், பேய்க்காற்று என்கிறார்கள். அவர்கள் பார்த்தது அதுதான், பொய் சொல்லவில்லை.

நான் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுவரைப் பார்த்தால் அது எப்படி எழுந்தது, ஏன் சரிந்தது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். அனியில் அது மட்டும் போதவில்லை. தரையோடு தரையாகக் கிடக்கும் கல்வரிசையில் எது கடைத்தெரு, எது எண்ணெய் ஆட்டிய இடம், எது குளியல் கூடம் என்று கை நீட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். ஆகவே செலவில் மிச்சம் பிடிப்பதாக இருந்தால் விடுதியிலோ சாப்பாட்டிலோ பிடியுங்கள். வழிகாட்டியில் பிடிக்காதீர்கள்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு கொஞ்சம்தான். பக்ராத்துனி வம்சத்தின் மூன்றாம் அஷோத் 961இல் ஆர்மீனியத் தலைநகரைக் கார்ஸிலிருந்து அனிக்கு மாற்றினார். அடுத்து வந்த இரண்டாம் சிம்பாத் பெரிய வடக்கு மதிலைக் கட்டினார். முதலாம் காகிக் காலத்தில் நகரம் உச்சத்தில் இருந்தது. 1045இல் பைசாந்தியர், 1064இல் அல்ப் அர்ஸ்லானின் செல்ஜூக் படை, பிறகு ஷத்தாதியர், ஜார்ஜிய அரசின் கீழ் ஜக்காரியர், 1236இல் மங்கோலியர் என்று கை மாறியது. 1319 நிலநடுக்கம் பலத்த அடி. வணிகப் பாதைகளும் விலகிப் போக, மக்கள் மெல்லமெல்ல வெளியேறினார்கள். 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. "ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம்" என்ற பட்டத்தை எல்லோரும் ஒருமுறையாவது சொல்வார்கள். அது அலங்காரப் பேச்சு. அடையாளம் காணப்பட்டவை நாற்பதை ஒட்டித்தான்.

வழிகாட்டிக்கு வருவோம். துருக்கியில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய அரசு உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்கள் கழுத்தில் அடையாள அட்டை அணிந்திருப்பார்கள். ஆங்கிலம் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டி, கோடையிலும் ரயில் பயணிகள் குவியும் குளிர்காலத்திலும் கார்ஸில் கேட்ட உடனே கிடைப்பதில்லை. போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முன்பே பேசிவையுங்கள்.

பேசும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மதிலுக்குள் எத்தனை மணி நேரம் என்பது முதல் கேள்வி. நான்குக்குக் குறைவாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடலாம். நடை மட்டுமே நான்கைந்து கிலோமீட்டர் வரும், அதிலும் மேடுபள்ளம். அடுத்து, வாகனமும் நுழைவுக் கட்டணமும் கூலியில் சேர்த்தியா என்று கேளுங்கள். லிராவின் மதிப்பு நிலையாக இருப்பதில்லை என்பதால் சென்ற வருடத்துக் கட்டணத்தை யாராவது சொன்னால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மூன்றாவது கேள்வியை நான் பேச்சுவாக்கில் கேட்பேன்: "இந்த ஊரைக் கட்டியவர்கள் யார்?" அங்கிருந்த விளக்கப் பலகைகள் நெடுங்காலம் ஆர்மீனியர் என்ற பெயரையே தவிர்த்து வந்தன. அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்லி, செல்ஜூக்குகளும் ஜார்ஜியர்களும் சேர்த்ததையும் மறைக்காமல் சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டியவர். எங்களுக்கு வாய்த்தவர் பக்கத்துக் கிராமமான ஒஜாக்லியில் வளர்ந்தவர். சிறுவயதில் ஆடு மேய்த்த இடத்திலேயே இப்போது அட்டை மாட்டிக்கொண்டு நடப்பதாகச் சொல்லிச் சிரித்தார். எந்தச் சுவர் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழும் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. ஜூலையில் அது பெரிய விஷயம், ஏனென்றால் அனியில் மரம் கிடையாது.

கார்ஸிலிருந்து 45 கிலோமீட்டர். முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஆகும். காலை எட்டு மணிக்குள் புறப்பட்டுவிட்டால் குழுப் பேருந்துகள் வருவதற்குள் பாதி இடத்தை அமைதியாகப் பார்த்துவிடலாம். மே கடைசியும் ஜூனும்தான் எனக்குப் பிடித்த காலம். புல் பச்சையாக இருக்கும், இடிபாடுகளுக்கு நடுவே காட்டுப் பூக்கள் பூத்திருக்கும். பனிக்காலத்திலும் போகலாம், படங்கள் அழகாக வரும். ஆனால் பாதி கல்வரிசைகள் பனிக்குள் புதைந்திருக்கும், படிகள் வழுக்கும். தண்ணீர், தொப்பி, காற்றைத் தடுக்கும் மேற்சட்டை, நல்ல பிடிப்புள்ள காலணி ஆகியவை எந்த மாதத்திலும் வேண்டும். கழிப்பறை நுழைவாயிலில் மட்டும்தான். உள்ளே போனபின் அதற்காகத் திரும்பி நடப்பது எளிதல்ல.

நுழைவது சிங்க வாயில் வழியாக. சிங்கப் புடைப்புச் சிற்பத்தைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் நின்று இரண்டு வாயில்களையும் பாருங்கள். மதில் இரட்டை மதில். வெளி வாயிலும் உள் வாயிலும் நேருக்கு நேர் இல்லை. உள்ளே பாய்ந்து வரும் படை திரும்பித்தான் ஆக வேண்டும், திரும்பும் இடத்தில் மேலிருந்து அடி விழும். மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு காவல் இருக்கும் நகரத்துக்கு வடக்கு மட்டுமே திறந்த பக்கம். அதனால்தான் இவ்வளவு கல்லும் உழைப்பும் இங்கே கொட்டப்பட்டிருக்கின்றன.

பிறகு மீட்பர் தேவாலயம். 1035இல் கட்டப்பட்டது, சிலுவையின் ஒரு துண்டைப் பாதுகாக்க எழுப்பியதாகச் சொல்கிறார்கள். வெளியே 19 பட்டைகள், உள்ளே எட்டு அரைவட்ட மாடங்கள். 1957இல் ஒரு புயலின்போது கிழக்குப் பாதி அப்படியே சரிந்துவிட, மேற்குப் பாதி மட்டும் நிற்கிறது. பலருக்கு இது சோகக் காட்சி. எனக்கு இது பாடப்புத்தகம். கத்தியால் வெட்டிய பலாப்பழம் மாதிரி சுவரின் உட்புறம் தெரிகிறது: இரு பக்கமும் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான டஃப் கல்லைப் பலகைபோல் செதுக்கிய முகப்பு, நடுவே உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும். கட்டடத்தைத் தூக்கி நிறுத்துவது அந்த நடுப்பகுதிதான், வழவழப்பான முகப்பு அல்ல. முகப்புக் கல் உதிர்ந்தபின்னும் அனியில் சுவர்கள் நிற்பதற்குக் காரணம் இதுவே. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் இங்கே பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கட்டடங்களையும் நீங்களே படித்துவிடலாம்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கும் திக்ரான் ஹோனெந்த்ஸின் புனித கிரிகோரி தேவாலயத்துக்குப் படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துச் செல்லலாம். 1215இல் ஒரு பணக்கார வணிகர் கட்டியது. உள்சுவர் முழுக்க ஓவியங்கள். ஆர்மீனியாவைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த கிரிகோரியின் வாழ்க்கைக் காட்சிகளும் அவற்றில் உண்டு, சில இடங்களில் ஜார்ஜிய எழுத்துகளும் உண்டு. முகங்களைச் சுரண்டியிருக்கிறார்கள், பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். என் மனைவிக்கு அனி என்றால் இந்த ஒரு கட்டடம்தான். சுவர்களின் உட்புறத்தைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் அவர் இங்கே வந்து உட்கார்ந்துகொள்வார். இதற்கும் கீழே, ஆற்றை ஒட்டிக் கன்னியர் மடமும் ஒற்றை வளைவுப் பாலத்தின் இரு முனைகளும் தெரியும். பாலத்தின் நடு இல்லை. ஒரு கரை துருக்கி, மறுகரை ஆர்மீனியா. இடையே ஓடும் ஆற்றைத் துருக்கியர் அர்ப்பாசாய் என்றும் ஆர்மீனியர் அக்குரியன் என்றும் அழைக்கிறார்கள்.

பேராலயத்துக்கு உங்கள் நேரத்தில் பெரும்பங்கைக் கொடுங்கள். திர்தாத் என்ற கட்டடக் கலைஞர் 989இல் தொடங்கிய வேலை, காகிக்கின் அரசி கத்ரானிதேயின் ஆதரவில் 1001இல் முடிந்தது. இடையில் கான்ஸ்டான்டிநோபிளின் ஹாகியா சோஃபியா குவிமாடம் நிலநடுக்கத்தில் சேதமடைந்தபோது, அதைப் பழுதுபார்க்க அழைக்கப்பட்டவரும் இதே திர்தாத். அங்கே அவர் சரிசெய்த பகுதி இன்றும் நிற்கிறது. இங்கே அவரே கட்டியது 1319இல் விழுந்துவிட்டது. உள்ளே விடுகிறார்கள் என்றால் நடுவில் நின்று தூண்களைப் பாருங்கள். ஒவ்வொரு தூணும் மெல்லிய பல தூண்களைக் கட்டாகச் சேர்த்தது போலிருக்கும். மேலே வளைவுகள் கூர்முனையோடு எழும். ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை இவை. இங்கிருந்துதான் அந்தப் பாணி ஐரோப்பாவுக்குப் போனது என்று சில வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அறிஞர்களிடையே அதற்கு முடிவு இல்லை. வடமேற்கு மூலையில் இருக்கும் பெரிய ஓட்டை 1988 நிலநடுக்கத்தின் வேலை. ஆர்மீனியாவில் கியூம்ரியையும் ஸ்பிதாக்கையும் தரைமட்டமாக்கிய அதே நிலநடுக்கம். பாதுகாப்புப் பணிக்காக இதையும் மற்ற சில கட்டடங்களையும் அவ்வப்போது சாரம் கட்டி மூடிவைப்பதுண்டு. எது திறந்திருக்கிறது என்று வழிகாட்டியிடம் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

மனுச்சேர் மசூதியின் எட்டுப்பட்டை மினாரும் இரு நிறக் கற்களால் ஆன கூரையும் அழகு. ஜன்னல் வழியே தெரியும் பள்ளத்தாக்குதான் அனியில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்படும் காட்சிகளில் ஒன்று. அங்கிருந்து உட்கோட்டைக்கு ஏறுவது உங்கள் மூச்சைப் பொறுத்தது. திரும்பும் வழியில் அபுகம்ரெந்த்ஸ் சிற்றாலயத்தைப் பாருங்கள். சிறியது, நறுக்கென்று முழுமையானது. காகிக் கட்டிய வட்டத் தேவாலயத்தில் அடித்தளமும் உடைந்த தூண்களும்தான் மிச்சம். ரஷ்ய ஆய்வாளர் நிக்கோலாய் மார் 1906இல் அங்கே தோண்டியபோது, தேவாலய மாதிரியைக் கையில் ஏந்திய காகிக்கின் சிலை கிடைத்தது. வடமேற்கில் புதுக் கல்லால் பூசி மெழுகியது போல் நிற்கும் அரண்மனையை நேரமிருந்தால் மட்டும் பாருங்கள். பழுதுபார்ப்பு எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

எல்லை ஓரம் என்பதால் சில எச்சரிக்கைகள். 2004 வரை அனிக்குள் போக முன் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இப்போது தேவையில்லை, படம் எடுக்கவும் தடையில்லை. ஆனால் காவல் கோபுரங்களையும் வீரர்களையும் எடுக்காதீர்கள். ட்ரோனை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். வேலியோ அறிவிப்போ இருக்கும் இடத்தைத் தாண்டி ஆற்றை நோக்கி இறங்காதீர்கள். கைப்பேசி மறுகரையின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளக்கூடும். அப்போது ரோமிங் கட்டணம் ஏறும், கடிகாரமும் ஆர்மீனிய நேரத்துக்குத் தாவி ஒரு மணி நேரம் முன்னே போய்விடும். வண்டி காத்திருக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்ப்பது நல்லது.

மதிய உணவை நம்பி உள்ளே போகாதீர்கள். ரொட்டியும் கார்ஸின் கிராவியேர் சீஸும் தேனும் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் பேராலய நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். மூன்று மணி வாக்கில் கார்ஸுக்குத் திரும்பிவிட்டால், கோட்டை அடிவாரத்தில் இருக்கும் பன்னிரு அப்போஸ்தலர் தேவாலயத்தையும் அதே வழிகாட்டியோடு பார்த்துவிடுங்கள். அனிக்கு முந்தைய தலைநகரில் அபாஸ் மன்னர் பத்தாம் நூற்றாண்டில் கட்டியது, இப்போது மசூதி. குவிமாடத்தைத் தாங்கும் உருளைச் சுவரில் பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் உருவங்கள் வரிசையாக இருக்கும். அனியில் இடிந்து பார்த்ததை இங்கே முழுதாகப் பார்க்கலாம். இதற்குக் கூடுதல் கூலி உண்டா என்று காலையிலேயே பேசிவிடுங்கள்.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இங்கிருந்து அப்படியே கியூம்ரிக்குத் தாவிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. துருக்கி–ஆர்மீனியா நில எல்லை 1993இல் மூடப்பட்டது. திறக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது என்பதால் புறப்படும் முன் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் கார்ஸிலிருந்து சில்திர் வழியாக அக்தாஷ் சாவடியில் ஜார்ஜியாவுக்குள் நுழைந்து, நினோத்ஸ்மிந்தா கடந்து பாவ்ரா சாவடி வழியாகக் கியூம்ரியை அடைய வேண்டும். ஒரு முழுப் பகல் பயணம் அது. அனி பார்த்த அன்றே அதைத் திட்டமிடாதீர்கள்.