இரண்டு குவார்ட்டர்பேக்கை மாற்றி மாற்றி இறக்கலாமா? பயிற்சியாளர்கள் சறுக்கும் இடங்கள்

2016 செப்டம்பர் 4, ஞாயிறு இரவு, டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம். நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியும் டெக்சஸ் பல்கலைக்கழக அணியும் மோதிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். அன்று இரண்டு அணிகளுமே, தாக்குதலை முன்நின்று நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் இடத்துக்கு ஆளுக்கு இரண்டு பேரை இறக்கின. நோட்டர் டேம் பயிற்சியாளர் பிரையன் கெல்லிக்கு டிஷோன் கைசரா, மலிக் சயரா என்ற குழப்பம் கடைசிவரை தீரவில்லை. இருவரும் ஆடுவார்கள் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். டெக்சஸ் பக்கம் கதையே வேறு. முதலாம் ஆண்டு மாணவர் ஷேன் பூஷெல் பந்தை எறிவார். பந்து எதிரணியின் எல்லைக்கோடு பக்கத்தில் வந்ததும் டைரோன் ஸ்வூப்ஸ் உள்ளே வருவார். 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள மனிதர், பந்தை அணைத்துக்கொண்டு நேராக முட்டிக்கொண்டு ஓடுவார். அந்த அமைப்புக்கு வைத்திருந்த செல்லப்பெயரே ‘18 வீலர்’, அதாவது பதினெட்டுச் சக்கர லாரி.

இரண்டாவது ஓவர்டைமில் அந்த லாரி ஆறு கஜம் ஓடி, கோட்டுக்கு மேல் பாய்ந்து விழுந்தது. டெக்சஸ் 50, நோட்டர் டேம் 47. கைசர் மட்டும் ஐந்து டச்டவுன் பாஸ், அதாவது பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்த எறிதல்கள், கொடுத்திருந்தார். சயர் அன்று எறிந்ததே சொற்பம். அந்த ஆட்டத்தோடு கெல்லி கைசரை நிரந்தரமாக்கிவிட்டார். அந்த சீசனை நோட்டர் டேம் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடித்தது வேறு விஷயம்.

இரண்டு பேரை மாற்றி மாற்றி ஆடவைப்பது சரியா தப்பா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆட்டத்தைத்தான். ஒரே மைதானம், ஒரே இரவு, ஒரே உத்தி. ஒருவர் முடிவெடுக்க முடியாமல் செய்தார், இன்னொருவர் முடிவெடுத்துவிட்டுச் செய்தார்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அநேகமாக ஒவ்வொரு முறையும் பந்து, முன்வரிசையின் நடுவில் குனிந்து நிற்கும் சென்டரின் கால்களுக்கிடையிலிருந்து குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். ஆட்களை மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே வெளியே போகலாம். ஆக விதி தடுப்பதில்லை. ஆனாலும் ‘உன்னிடம் இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தால் ஒருவருமே இல்லை என்று அர்த்தம்’ என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் ஒரே உறையில் இரண்டு கத்தி என்போமே, அந்த மாதிரி. முக்கால்வாசி சமயம் அது சரிதான். மீதிக் கால்வாசியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

முதல் தவறு, மேலே பார்த்தது: தேர்வு செய்யாமல் தள்ளிப்போடுவதற்கு ‘ரொட்டேஷன்’ என்று பெயர் வைத்துக்கொள்வது. ஒரே மாதிரி ஆடும் இருவரை மாற்றி மாற்றி இறக்குவதால் எதிரணிக்கு எந்தத் தலைவலியும் இல்லை. தலைவலி முழுக்கச் சொந்த அணிக்குத்தான்.

அது எப்படி என்று பயிற்சி மைதானத்தில் பார்த்தால் புரியும். சீசன் நடக்கும்போது ஒரு மாணவர் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அணிக்காகச் செலவிடலாம், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம்; இது கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ வைத்த வரம்பு. எதிரணியின் வீடியோ பார்ப்பது, கூட்டம் போடுவது எல்லாம் இதற்குள் அடக்கம். முதல் வரிசை வீரர்களோடு நிற்கும் வாய்ப்பை இரண்டாகப் பிரித்தால் இருவருக்குமே அரை வயிறு. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் பக்கக்கோட்டை நோக்கித் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அந்த நேரக்கணக்கு நூறு முறை சேர்ந்து செய்தால்தான் கூடிவரும். பந்தைக் கேட்டு ‘ஹட்’ என்று குவார்ட்டர்பேக் கொடுக்கும் குரல்கூட ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் இழுத்துச் சொல்வார், ஒருவர் வெட்டிச் சொல்வார். முன்வரிசையில் குனிந்து நிற்கும் 140 கிலோ மனிதர் அந்தக் குரலை நம்பித்தான் கிளம்புகிறார். அரை நொடி முந்தி அசைந்தால் ஐந்து கஜம் அபராதம். ஒருவர் வலக்கைக்காரர், மற்றவர் இடக்கைக்காரர் என்றால் இன்னும் கஷ்டம். பந்து சுழலும் திசையே தலைகீழாகிவிடும், பிடிப்பவரின் கை அதற்குப் பழக வேண்டும்.

இதெல்லாம் இருந்தும் 2006-இல் ஃப்ளோரிடா அணி வலக்கை கிறிஸ் லீக்கையும் இடக்கை டிம் டீபோவையும் வைத்து தேசியப் பட்டம் வென்றது. இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14 என்று நொறுக்கியது. பயிற்சியாளர் அர்பன் மையர். லீக் நான்காம் ஆண்டு மாணவர், அணி அவருடையது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. டீபோ முதலாம் ஆண்டு. ஓரிரு கஜம் தேவைப்படும்போது வந்து இடித்துக்கொண்டு ஓடுவார். ஆனால் இங்கே இரண்டாவது தவறு ஒளிந்திருக்கிறது, மையர் அதில் சிக்கவில்லை. உள்ளே வருபவர் ஓடத்தான் வருகிறார் என்று மைதானத்தில் பாப்கார்ன் விற்பவருக்குக்கூடத் தெரிந்தால், எதிரணி எல்லோரையும் முன்னால் குவித்துவிடும். அந்த அக்டோபரில் எல்எஸ்யூ எனும் லூசியானா ஸ்டேட் அணிக்கு எதிராக எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் டீபோ வழக்கம்போல் ஓடிவந்தார். எதிரணி மொத்தமும் அவரை நோக்கிக் கவிந்தது. கோட்டுக்கு முன்னால் நின்று ஒரு குதி குதித்து, அந்தரத்திலேயே பந்தை, தடுப்பவர்களுக்குப் பின்னால் தனியாக நின்ற டேட் கேசிக்குத் தட்டிவிட்டார். டச்டவுன். அதற்குப் பிறகு டீபோ ஓடிவரும்போதெல்லாம் தடுப்பவர்கள் ஒரு கணம் யோசித்தார்கள். அந்த ஒரு கணம்தான் லாபம்.

அதே மையர்தான் 2015-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் தடுமாறினார். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த உதாரணம், அந்த அணியின் ஊரான கொலம்பஸ்காரர்கள் மன்னிக்க வேண்டும். முந்தைய சீசனில் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோளில் அடிபட, ஜே.டி. பேரட் வந்தார். மிஷிகன் ஆட்டத்தில் பேரட் கணுக்கால் முறிய, மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகனை 42-20 என்று வரிசையாகச் சாய்த்துப் பட்டத்தைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு மில்லர் ரிசீவராக மாறிவிட்டார். மிச்சம் இருவர், இருவரும் ஜெயித்துக் காட்டியவர்கள். முதல் ஏழு ஆட்டங்களை ஜோன்ஸ் தொடங்கினார். நார்தர்ன் இல்லினாய் ஆட்டத்தில் இரண்டு இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ், கொடுத்ததும் வெளியே இழுத்தார்கள். பிறகு அக்டோபரில், எல்லைக்கோட்டை நெருங்கினால் பேரட் என்று ஓர் ஒட்டுப் போட்டார்கள். எட்டாவது ஆட்டத்தில் பேரட்டே முதல் ஆள்.

தப்பு செய்தால் வெளியே போக வேண்டும் என்று தெரிந்த குவார்ட்டர்பேக், பந்தை எறியும் முன் ஒரு கண்ணால் பயிற்சியாளரைப் பார்ப்பார். திறமை குறைவதில்லை, துணிச்சல் குறைகிறது. மாற்றுவதைத் தண்டனையாக்குவது மூன்றாவது தவறு, என் கணக்கில் பெரிய தவறும் இதுதான். ஒஹாயோ ஸ்டேட் அந்த வருஷம் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தோற்றது சொந்த மைதானத்தில், நவம்பர் 21 அன்று, மிஷிகன் ஸ்டேட்டிடம், 17-14 என்று, கடைசி நொடியில் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்ட் கோலில். 23 ஆட்ட வெற்றித் தொடர் அங்கே அறுந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், மிஷிகன் ஸ்டேட்டின் முதன்மைக் குவார்ட்டர்பேக் கானர் குக் காயத்தால் அன்று ஆடவேயில்லை. டைலர் ஓகானர், டேமியன் டெரி என்று இரண்டு மாற்று ஆட்களை மாற்றி மாற்றி இறக்கித்தான் ஜெயித்தார்கள்!

தண்டனையாக இல்லாமல் மாற்றுவது எப்படி என்பதற்கு 1997-இன் ஃப்ளோரிடா. தோல்வியே காணாமல் வந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராகப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர், டக் ஜான்சனையும் நோவா பிரின்டீஸையும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் மாற்றி அனுப்பினார். வெளியே நிற்பவரின் தோளைப் பிடித்து அடுத்த திட்டத்தை நேரில் சொல்லி அனுப்ப முடிந்தது; தூதுக்குச் சைகை தேவையில்லை. ஃப்ளோரிடா 32-29 என்று வென்றது. இன்று அதை அப்படியே காப்பியடிப்பதில் அர்த்தம் குறைவு. 2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வந்துவிட்டது, பயிற்சியாளர் நேராகவே காதில் பேசலாம். இன்னொரு செலவும் உண்டு: நீங்கள் ஆளை மாற்றினால் எதிரணியும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் கொடுப்பார். வேகமாக ஆடி மூச்சு வாங்கவைக்கும் அணி அந்த வேகத்தைத் தானே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு இருக்கிறது. மாற்ற வேண்டிய நாளில் மாற்றாமல் இருப்பது. 2011 சீசனில் எல்எஸ்யூவின் முதல் ஒன்பது ஆட்டங்களை ஜாரெட் லீ தொடங்கினார், பிறகு ஜோர்டன் ஜெஃபர்சன் கைக்குப் போனது. பதின்மூன்று ஆட்டமும் வென்று வந்து 2012 ஜனவரி 9 அன்று அலபாமாவோடு இறுதி ஆட்டம். நான்காம் குவார்ட்டர் வரை எல்எஸ்யூ மைதானத்தின் நடுக்கோட்டையே தாண்டவில்லை. மொத்தமே 92 கஜம். லீ ஹெல்மெட்டோடு ஓரத்திலேயே நின்றார், உள்ளே கூப்பிடவே இல்லை. அலபாமா 21-0 என்று வென்றது. ஆறு வருஷம் கழித்து அலபாமா தானே இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் 13-0 என்று பின்தங்கியபோது, பயிற்சியாளர் நிக் சேபன் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து முதலாம் ஆண்டு துவா டாகோவைலோவாவை அனுப்பினார். ஓவர்டைமில் 41 கஜ பாஸ், அலபாமா 26-23 என்று வென்றது. அது ரொட்டேஷன் அல்ல, ஆனால் இரண்டாமவரைத் தயாராக வைத்திருந்ததன் பலன்.

கடைசியாக, உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தே இருப்பார் என்று நம்புவது. 2018-இல் கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி நான்கு ஆட்டங்களுக்குக் கெல்லி பிரயன்ட், டிரெவர் லாரன்ஸ் இருவரையும் ஆடவைத்தார். பிறகு லாரன்ஸ்தான் முதல் ஆள் என்றார். நான்கு ஆட்டத்துக்கு மேல் ஆடாவிட்டால் அந்த வருஷம் கணக்கில் வராது என்ற விதி அந்த ஆண்டுதான் வந்திருந்தது. இரண்டே நாளில் பிரயன்ட் மூட்டையைக் கட்டிவிட்டார். அந்தச் சனிக்கிழமையே சிரக்கியூஸ் ஆட்டத்தில் லாரன்ஸுக்கு அடிபட்டது. மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் வந்து கடைசியில் 94 கஜம் அணியை நகர்த்தி 27-23 என்று காப்பாற்றினார். கிளெம்சன் அந்த சீசனில் பதினைந்து ஆட்டத்தையும் வென்று முடித்தது. ஸ்வினி மீது எனக்குக் குறையில்லை, காலத்தில் முடிவு சொன்னார். ஆனால் பிரைஸ் தயாராக இல்லாதிருந்தால்?

ஜார்ஜியாவில் 2002 முதல் மூன்று சீசன், டேவிட் கிரீன் முதல் ஆளாக ஆட, டி.ஜே. ஷாக்லியைப் பயிற்சியாளர் மார்க் ரிக்ட் நடுநடுவே இறக்கிக்கொண்டே இருந்தார். ஷாக்லி வேறு கல்லூரிக்குப் போகவில்லை. 2005-இல் கடைசி வருஷத்தில் அவர் முறை வந்தது. தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் லீகான எஸ்இசி இறுதியில் எல்எஸ்யூவை 34-14 என்று வீழ்த்திப் பட்டத்தோடு வெளியேறினார். இன்றைக்கு அதே இருபது வயதுப் பையன், கல்லூரி மாறுவோர் பட்டியலில் பெயரைப் பதிந்தால் அடுத்த வருஷமே வேறு சட்டையில் ஆடலாம் என்று தெரிந்தும், மூன்று வருஷம் காத்திருப்பானா?