பாலே கலைஞரின் பழைய பெட்டி: எதை எப்படிப் பாதுகாப்பது?

தேய்ந்த பாயின்ட் ஷூ (கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடுவது), டூட்டூ (வலைத்துணி அடுக்குகள் கொண்ட பாலே பாவாடை), நிகழ்ச்சிக் கையேடுகள், போட்டோக்கள், சில விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள். மேடையிலிருந்து ஓய்வு பெற்ற பாலே நடனக் கலைஞரின் பெட்டியில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். திறந்ததும் துடைக்கவும் துவைக்கவும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

1. முதலில் கேசட்

மற்றவை ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது. நாடாவின் காந்தப் பூச்சு வருடா வருடம் கெடும். போட்டுப் பார்க்கும் விசிஆர் தயாரிப்பும் 2016-லேயே நின்றுவிட்டது. டிஜிட்டலாக மாற்றி இரண்டு இடங்களில் சேமியுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. ஷூ

பாயின்ட் ஷூவின் முனை மரக்கட்டை என்று பலர் நினைக்கிறார்கள். துணியையும் தாளையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்ததுதான் அது. தண்ணீர் பட்டால் பசை இளகி முனை தொளதொளத்துவிடும். அதனால் கழுவவே கூடாது. மென்மையான பிரஷால் மேல்தூசியை மட்டும் தட்டுங்கள்.

அழுக்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அடியில் ஒட்டியிருப்பது வழுக்காமல் இருக்கத் தேய்த்த ரோசின் என்ற மரப்பிசின் பொடி. முனையைச் சுற்றிக் கோணல்மாணலாக ஓடும் நூல் தையல் அந்தக் கலைஞரே போட்டதாக இருக்கலாம். அடித்தோலில் ஒரு எழுத்தோ சின்னமோ பதிந்திருந்தால், அது ஷூவைக் கையால் செய்த தொழிலாளியின் அடையாளமாக இருக்கலாம். இதையெல்லாம் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள்.

அப்புறம் அமிலமற்ற டிஷ்யூ தாளைத் தளர்வாகக் கசக்கி உள்ளே வைத்து, ரிப்பனை முடிச்சுப் போடாமல் சுருட்டி, அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வையுங்கள். பாலித்தீன் பை வேண்டாம். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். பசை என்றால் ராமபாணப் பூச்சிக்குக் கொள்ளை ஆசை, அவ்வப்போது திறந்து பாருங்கள்.

3. கலைஞரிடம் கேளுங்கள்

முதன்மைப் பாத்திரத்தில் ஆடுபவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி ஷூ நைந்துபோவதுண்டு. வாழ்நாளில் நூற்றுக்கணக்கான ஜோடிகளைத் தூக்கிப் போட்டவர், இந்த ஒன்றை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார்? ஷூவை அவர் கையில் கொடுத்துவிட்டு, போனில் ரெக்கார்டிங்கைப் போடுங்கள். எந்த பாலே, எந்த வருடம், யாருடன் ஆடினார் என்பதைத் தாளில் எழுதி அதே பெட்டியில் வையுங்கள்.

4. டூட்டூ

ஹேங்கரில் மாட்டினால் வலையடுக்குகள் தொங்கிப்போகும். பெரிய பெட்டியில் படுக்கையாக வையுங்கள். உள்ளே வளையக் கம்பி இருந்தால் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்வைக் கறை நாளடைவில் துணியை அரிக்கும்தான், ஆனாலும் பழைய பட்டுத் துணியை வீட்டில் துவைக்காதீர்கள். துணிப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுவதே மேல்.

5. காகிதமும் போட்டோவும்

துருப்பிடித்த ஸ்டேப்பிளர் பின்களைக் கழற்றுங்கள். செய்தித்தாள் துண்டுகளைத் தனியே வையுங்கள், அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளையும் மஞ்சளாக்கும். பசை ஆல்பமும் செல்லோ டேப்பும் வேண்டவே வேண்டாம். போட்டோவின் பின்னால் பெயர் எழுத மென்பென்சில் போதும். நான் ஒருமுறை பால்பாயிண்டால் அழுத்தி எழுதி, முன்பக்கத்தில் ஆடுபவரின் கன்னத்தில் கோடு விழுந்துவிட்டது.

6. வைக்கும் இடம்

பரணும் ஈரச் சுவரும் ஆகாது. நீங்கள் புழங்கும் அறையின் அலமாரியே நல்லது. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒரு ஜோடி ஷூவைக் கண்ணாடிப் பேழையில் வைக்க ஆசையா? சரி, வெயில் விழாத சுவராகப் பாருங்கள். வெளிச்சத்தில் ஷூவின் மேலுள்ள சாட்டின் துணியின் இளஞ்சிவப்பு வெளுத்துவிடும்.