வழிகாட்டியோடு காட்டருவிக்கு ஒரு நாள் நடை

காலையிலேயே கிளம்புங்கள், மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள பழகிய ஷூ (புது ஷூ காலைக் கடிக்கும்), மாற்று சாக்ஸ் போதும். அட்டை கடித்தால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். அதன் வாயோரம் நகத்தை நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் நிற்க நேரமாகும், பயம் வேண்டாம்.

பச்சையாகவோ கறுப்பாகவோ மினுங்கும் ஈரப்பாறையில் கால் வைக்காதீர்கள், பாசி வழுக்கும். அருவிக்கு நேர் கீழே நிற்பதும் வேண்டாம்; தண்ணீரோடு கல்லும் வரும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை, வெள்ளம் வரப்போகிறது என்று அர்த்தம். பையை எடுக்கக்கூட நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.