முட்டை வாத்துக்கு தவிடு எவ்வளவு போடலாம்? முதல்ல ஒரு டம்ளர் தண்ணில போட்டுப் பாருங்க

சம்பா அறுவடை முடிஞ்ச சமயம். காக்கி கேம்பல்ங்கிற முட்டை ரக வாத்து 60 வச்சிருந்தேன், நாளைக்கு 45 முட்டை குறையாம வந்துக்கிட்டிருந்துச்சு, மூணே வாரத்துல 27க்கு இறங்கிடுச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு நோய் எதுவும் இல்லன்னுட்டார், லைட்டு நேரத்தைக் கூட்டிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. தீவன ஃபார்முலா ஒரு கிராம் கூட மாறலயே, அதனால அதுமேல சந்தேகமே வரல. கடைசில காட்டிக் கொடுத்தது தண்ணி வாளி. வாத்து ஒரு வாய் தீவனம் தின்னுட்டு ஓடிப் போய் தண்ணில அலகை அலசும்ல, அந்த வாளி மேல பொன்னிறமா ஏடு மாதிரி ஒரு படலம் நின்னுச்சு. அள்ளிப் பாத்தா அத்தனையும் உமி. தவிடு வாங்குற மில்ல மாத்தினது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

கொட்டகை, அடைகாக்கிறது எல்லாம் இங்க எழுதல. நார்ச்சத்து மட்டும்தான்.

முதல்ல ஒண்ணு, நார்ச்சத்து விஷம் இல்ல. நார் சுத்தமா இல்லாம மாவா போட்டா தீவனத்தை அரைக்கிற இரைப்பை பலம் இல்லாம போயிடும், அடைச்சு வச்ச வாத்து ஒண்ணோட இறகை ஒண்ணு பிடுங்க ஆரம்பிச்சுடும். ஆனா வாத்து மாடு கிடையாது, நாரை ஊறவச்சு செரிக்கிற வசதி அதோட குடல்ல ரொம்பக் கம்மி. நார் கூடினா தீவனத்துல சத்து நீர்த்துப் போகும், அத ஈடுகட்ட நிறைய தின்னும், ஒரு அளவுக்கு மேல வயிறு இடம் கொடுக்காது. எச்சம்தான் கூடும், முட்டை கூடாது.

ஸ்டெப் 1: தவிட்டை சோதிக்கணும்

நான் மாட்டினது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். தவிடுன்னு ஒரே பேருதான், மூட்டைக்குள்ள இருக்கிறது வேற வேற. ரப்பர் ரோல் வச்ச மில்லுல உமி தனியா போயிடும், பாலிஷ் போடும்போது வர்ற தவிடு மட்டும் கிடைக்கும், அதுல நார் 8லேர்ந்து 11 சதவீதம் இருக்கும். பழைய ஹல்லர் மெஷின்ல உமியும் தவிடும் ஒண்ணா பொடிஞ்சு வரும், அதுல 25 சதவீதம் நார் இருந்தாலும் ஆச்சரியமில்ல. வெறும் உமில 40 சதவீதம் நாரு, அது போக 15லேர்ந்து 20 சதவீதம் மணல் மாதிரி சிலிக்கா. மில்லுக்காரர்கிட்ட கேட்டா "எல்லாம் தவிடுதாண்ணே"ன்னுதான் சொல்வார்.

கண்ணாடி டம்ளர் எடுங்க (சில்வர் டம்ளர் வேண்டாம், பக்கவாட்டுல பாக்க முடியாது), ஒரு பிடி தவிடு போட்டு ஸ்பூனால நல்லா கலக்கி 10 நிமிஷம் விடுங்க. கலக்காம விட்டா எண்ணெய் பசைல நல்ல தவிடும் மிதக்கும், முதல் தடவை அதுல நான் ஏமாந்து நல்ல மூட்டையையே திருப்பி அனுப்பிட்டேன். கலக்கின பிறகும் மேல தடியா நின்னா உமி. அப்புறம் மோந்து பாருங்க, அரைச்ச கையோட தவிட்டு எண்ணெய் கெட ஆரம்பிச்சுடும், வெயில் காலத்துல சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும், அதனால பத்து நாளைக்கு மேல நான் வாங்கி வைக்கிறதில்ல.

ஸ்டெப் 2: கணக்கு

எக்ஸெல் எல்லாம் வேண்டாம், நாப்பது பக்க நோட்டு போதும். 100 கிலோவுக்கு என் முட்டை வாத்து கலவை: மக்காச்சோளம் 28, குருணை 10, தவிடு 30, சோயா புண்ணாக்கு 18, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 6, கிளிஞ்சல் 6, மினரல் மிக்ஸ் 2. ஒவ்வொண்ணோட கிலோவையும் அதோட நார் சதவீதத்தால பெருக்கி 100ஆல வகுத்துக் கூட்டுங்க. மக்காச்சோளத்துக்கு 2.3, குருணைக்கு 1, சோயாவுக்கு 6, கருவாட்டுக்கு 1. நல்ல தவிடுன்னா 10, மொத்தம் 4.9 சதவீதம் வரும். அதே 30 கிலோ ஹல்லர் தவிடா இருந்து 25 போட்டீங்கன்னா 9.4! ஃபார்முலா மாறவே இல்ல, நார் மட்டும் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு.

முட்டை போடுற வாத்துக்கு 6க்குள்ள வச்சுக்கறேன். எட்டு வாரத்துலேர்ந்து முட்டைக்கு வர்ற வரைக்கும் வளர்ற வாத்துக்கு 7, 8 போனாலும் பரவால்ல, அந்த வயசுல கொழுப்பு ஏறாம இருந்தாதான் நல்லது. மூணு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுக்கு தவிடே வேண்டாம்.

கடலைப் புண்ணாக்கு விலை கம்மின்னு சிலர் போடுறாங்க, நான் தொடமாட்டேன். அதுல பூஞ்சை பிடிச்சு நஞ்சு சேரலாம், அந்த நஞ்சு கோழிய விட வாத்தை பல மடங்கு தாக்கும்.

ஸ்டெப் 3: கலந்து போடுறது

தார்ப்பாய்ல கொட்டி மண்வெட்டியால மூணு தடவை புரட்டினா போதும். போடும்போது தண்ணி தெளிச்சு, பிடிச்சா உருண்டை நிக்கிற பதத்துல போடுங்க, உலர்ந்த மாவு வாத்து தொண்டைல ஒட்டிக்கும். மிஞ்சினத சாயங்காலமே கழுவிடுங்க, புளிச்சுடும். பழைய தீவனத்துலேர்ந்து புதுசுக்கு ஒரே நாள்ல மாத்தாதீங்க, ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்துங்க. நான் பதட்டத்துல மறுநாளே மாத்தி, 27 முட்டை 19 ஆச்சு. பழைய கணக்குக்கு வர ஒன்றரை மாசம் பிடிச்சுது.

அப்டேட்: உமிய நைசா அரைச்சு கலந்தா மிதக்காதேன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். உண்மைதான், அதுக்கு டம்ளர் உதவாது. ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாருங்க, நல்ல தவிடு வழவழன்னு எண்ணெய் ஒட்டும், உமி மாவு நறநறங்கும். அப்பவும் சந்தேகம்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில தீவன ஆய்வுக்கூடம் இருக்கு, சாம்பிள் கொடுத்து நார்ச்சத்து மட்டும் பாக்கச் சொல்லலாம்.

இன்னொரு அப்டேட்: எண்ணெய் எடுத்த தவிடு போடலாமான்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. சீக்கிரம் சிக்கு பிடிக்காது, அது வரைக்கும் லாபம். ஆனா எண்ணெய் போனதால சக்தி கம்மி, நார் 12லேர்ந்து 16 வரை இருக்கும். வளர்ற வாத்துக்கு தாராளமா போடுங்க, முட்டை வாத்துக்கு 10 கிலோவோட நிறுத்திட்டு மீதிய குருணையா ஏத்துங்க. என்கிட்ட மிஞ்சின ஹல்லர் தவிடு ரெண்டு மூட்டையும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போச்சு, அது ஒரு குறையும் சொல்லல.