விழாமலே கழன்ற ஸ்கீ பைண்டிங்: நான் சரிசெய்த விதம்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு குளிர்காலம் வந்தால் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மார்க் கிளம்பிவிடுகிறவன் நான். கட்டிதட்டிய பனியில் வேகமாகத் திரும்பும்போது, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங், விழாமலேயே குதிகால் பக்கம் பட்டென்று கழன்றுகொண்டே இருந்தது. எவ்வளவு விசையில் பைண்டிங் கழல வேண்டும் என்பதைக் குறிக்கும் டின் (DIN) எண்ணைக் கூட்டச் சொன்னார்கள், ஆனால் அது எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், சறுக்கும் விதம் எல்லாம் பார்த்து வைக்கிற எண்; இஷ்டத்துக்குக் கூட்டினால் விழும்போது கழலாமல் கால் போய்விடும். அதனால் முன்னழுத்தத்தை, அதாவது குதிகால் பகுதி பூட்ஸை முன்னோக்கி அழுத்திப் பிடிக்கும் விசையை, முதலில் பார்த்தேன். பூட்ஸை மாட்டியதும் பைண்டிங்கின் குதிகால் பகுதியில் இருக்கும் சின்னக் குறி அதற்கான கோட்டுக்குள் நிற்க வேண்டும், எனக்கு வெளியே நின்றது. ஸ்க்ரூவைத் திருகி உள்ளே கொண்டுவந்ததும் பாதித் தொல்லை போச்சு.

மீதிக்கு பைண்டிங்கையே மாற்றினேன். எனக்கான டின் எண் 8.5, பழையதோ 10 வரைதான், அதன் உச்சத்துக்குக் கிட்டே இருந்தது. லுக் நிறுவனத்தின் பிவோட் 14 பைண்டிங் எடுத்தேன், 5 முதல் 14 வரை போகும்; குதிகால் 28 மி.மீ. வரை அசைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி உட்காரும், முரட்டுத்தனமாகச் சறுக்குகிறவர்களுக்கு இதுதான் முக்கியம் என்பேன். ஸ்கீயின் நடு அகலம் 98 மி.மீ., அதனால் கழன்ற ஸ்கீ ஓடிப்போகாமல் நிறுத்தும் பிரேக்கை 105 மி.மீ. அகலத்தில் போட்டேன். அப்புறம், பூட்ஸ் அடி கிரிப்வாக் (நடக்க வசதியாக வளைந்த, பிடிப்புள்ள அடி) என்றால் பைண்டிங் அதை ஏற்குமா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.