டெஸ்க்டாப்புக்குப் பொருந்தும் ரேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எத்தனை ஜிபி என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது மதர்போர்டின் மாடல். கேபினெட்டைத் திறந்தால் போர்டின் மேலேயே பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். திறக்க மனமில்லையென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெயின்போர்டு பக்கத்தில் பாருங்கள். அந்த மாடலைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடினால், எந்த வகை ரேம், ஸ்லாட்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு, அவர்களே சோதித்த ரேம்கள் எவை என்ற விவரம் கிடைக்கும்.

வகை என்பது டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் தலைமுறை. டிடிஆர்3 ரேமுக்கு 240 பின்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே 288 பின்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. பலத்தைக் காட்டினால் ஸ்லாட்தான் உடையும். பிராசசரை மட்டும் வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை கோர் டெஸ்க்டாப் பிராசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். போர்டோ பெரும்பாலும் ஒன்றை மட்டுமே ஏற்கும். ஏஎம்டியில் இந்தத் தலைவலி இல்லை: பிராசசர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5. சின்னப் பெட்டி வடிவ கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லேப்டாப்பில் போடும் குட்டை ரேம்தான் இருக்கும்.

விலை சல்லிசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சர்வர்களில் கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் (சர்வருக்கென்றே செய்த வகை) சந்தையில் நிறைய உலவுகிறது. டிடிஆர்4 என்றால் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப் பூட் ஆகாது. ஸ்டிக்கரில் ‘பிசி4-2400டி-ஆர்’ என்பதுபோல இரண்டாவது கோட்டுக்குப் பின் வரும் முதல் எழுத்துதான் துப்பு: ‘யு’ டெஸ்க்டாப்புக்கு, ‘எஸ்’ லேப்டாப்புக்கு, ‘ஆர்’ சர்வருக்கு. டிடிஆர்3-இல் ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று விற்பவை இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

பழைய ரேமோடு புதியதைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். 3200-உம் 2400-உம் சேர்ந்தால் 2400-தான். கொள்ளளவு வேறுபட்டாலும் பெரும்பாலும் ஓடும்: 8 ஜிபியோடு 16 ஜிபி போட்டால் இன்டெல் போர்டுகளில் 8+8 இரட்டைச் சேனலிலும் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிக்கும் வேகமான முறை) மிச்ச 8 ஒற்றைச் சேனலிலும் இயங்கும். ஒரே மாடல் எண்ணில்கூட வெவ்வேறு காலத்தில் வேறு சிப்கள் வரலாம். அதனால் வசதி இருந்தால் இரண்டு ரேம்கள் கொண்ட ஒரே கிட்டை வாங்கி, பழையதை எடுத்துவிடுவதே நல்லது. டிடிஆர்5-இல் நான்கு ரேம்கள் போடுவதைத் தவிருங்கள். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேமில் 5200 வரை என்று சொல்லும் ஏஎம்டி, நான்கில் 3600 என்றுதான் சொல்கிறது.

பெட்டியில் 3600 என்று இருந்தாலும் மாட்டியதும் 2133 அல்லது 2666-இல் ஓடும். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற, ரேமில் பதிந்திருக்கும் வேக அமைப்பை இயக்கினால்தான் முழு வேகம் வரும். சில விலை குறைந்த போர்டுகளும், கம்பெனி தயாரிப்பாக வரும் பல கம்ப்யூட்டர்களும் அந்த வசதியைத் தராது. அவற்றுக்கு அதிவேக ரேம் வாங்குவது வீண் செலவு. சிபியு-இசட்டின் மெமரி பக்கம் பாதி எண்ணைக் காட்டும், 1600 என்றால் 3200 என்று கொள்ளுங்கள்.

மாட்டும் முன் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் ரேமை எடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். போர்டின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரு முனையையும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். சில போர்டுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே பூட்டு இருக்கும்.

டிடிஆர்5 மாட்டி முதல்முறை ஆன் செய்தால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொண்டிருக்கும் நேரம் அது, அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் படம் வரவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள், பயாஸ் அமைப்புகளை அழித்துப் பாருங்கள். பூட் ஆகிவிட்டால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் முதலில் எக்ஸ்எம்பியை நிறுத்தி மறுபடி சோதியுங்கள். அப்போதும் வந்தால், ரேம்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, பிழை காட்டுவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.